‘டிஃபால்ட்’ கோப்பில் என்ன எழுதுவீங்க? – நெட்வொர்க் இன்ஸ்டலேஷன் பற்றி ஒரு பேச்சு

இன்றைக்கு, நெட்வொர்க் வழியாக லினக்ஸைத் தானாகவே இன்ஸ்டால் செய்யும் சர்வீஸை எப்படி வடிவமைப்பது என்று பார்க்கப் போறோம். கூடவே, அதில் நான் பண்ணின ஒரு பெரிய தப்பையும் சொல்றேன்.

முதலில் இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா. மெஷினை ஆன் பண்ணியதும், நெட்வொர்க் கார்டில் இருக்கும் பிஎக்ஸ்இ, டிஎச்சிபி சர்வரிடம் ஒரு ஐபி முகவரி கேட்கும். சர்வர் ஐபியோடு சேர்த்து, ‘பூட் கோப்பு இந்த இடத்தில் இருக்கு’ என்றும் சொல்லும். டிஎஃப்டிபி வழியாக அந்தக் கோப்பு இறங்கும். அடுத்து கெர்னல், இன்ஸ்டாலர். இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஏற்கெனவே ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்போம். ரெட் ஹேட், ஃபெடோராவில் அதற்குப் பெயர் கிக்ஸ்டார்ட், டெபியனில் ப்ரீசீட்.

சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கிட்டு இருந்தேன். 40 மெஷின். செமஸ்டர் லீவில் எல்லாவற்றையும் மாற்றணும். பிஎக்ஸ்லினக்ஸ் அமைத்து, ‘டிஃபால்ட்’ கோப்பிலேயே இன்ஸ்டால் கட்டளையைப் போட்டேன். கிக்ஸ்டார்ட்டில் ‘கிளியர்பார்ட்’ என்று ஒரு வரி உண்டு. அது டிஸ்கில் இருக்கும் பார்ட்டிஷன்களை அழித்துவிடும். சாயங்காலத்துக்குள் 40 மெஷினும் ரெடி. எனக்கு ஒரே பெருமை. சர்வரை அப்படியே ஓட விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு, டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல வேலை பார்க்கிற அக்கா போன் பண்ணினாங்க. “தம்பி, எங்க ரூம்ல நெட் வரலைன்னு கம்ப்யூட்டரை லேபுக்குத் தூக்கிட்டு வந்து கேபிளைச் சொருகினேன். ஸ்க்ரீன்ல என்னமோ தானா ஓடுதுப்பா.” எனக்கு அப்பவே புரிஞ்சிருச்சு. அந்த மெஷினும் லேப் மெஷின்களோட ஒண்ணா வாங்கினதுதான். அதிலயும் பூட் வரிசையில் நெட்வொர்க்தான் முதலில். நான் ஓடிப் போய்ச் சேர்றதுக்குள்ள டிஸ்க் காலி. ரெண்டு வருஷ இன்டர்னல் மார்க் ஷீட் அதில் இருந்துச்சு. பேக்கப் கிடையாது.

அந்த அக்கா ஒரு வார்த்தை திட்டலை. பழைய ரெஜிஸ்டரை எடுத்துப் போட்டாங்க. நான் மார்க்கை வாசிக்க, அவங்க டைப் பண்ண, நாலு நாள் ஆச்சு.

அந்த நாலு நாளில் யோசித்ததைத்தான் இப்ப சொல்றேன். பிஎக்ஸ்லினக்ஸ் தன் கட்டமைப்புக் கோப்பைத் தேடும்போது, அந்த மெஷினின் மேக் முகவரியில் கோப்பு இருக்கா என்று முன்னாடியே பார்க்கும். பிறகு ஐபி முகவரியை வைத்துத் தேடும். எதுவுமே கிடைக்கலைன்னா கடைசியாகத்தான் ‘டிஃபால்ட்’ கோப்புக்கு வரும். அதாவது, டிஃபால்ட் என்பது நமக்குத் தெரியாத மெஷினுக்கான பதில். தெரியாத மெஷினுக்கு நாம சொல்ல வேண்டியது ஒண்ணுதான்: ‘உன் டிஸ்கிலிருந்தே பூட் ஆகிக்கோ.’

எந்த மெஷினில் இன்ஸ்டால் பண்ணணுமோ, அதன் மேக் முகவரிக்கு மட்டும் கோப்பு உருவாக்குங்க. இன்ஸ்டால் முடிந்ததும் அந்தக் கோப்பு போயிடணும். கிக்ஸ்டார்ட்டின் ‘போஸ்ட்’ பகுதியிலிருந்து சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பினால், சர்வர் அதை நீக்கிவிடும்படி செய்யலாம். இல்லைன்னா ரீபூட் ஆனதும் மறுபடி இன்ஸ்டால், மறுபடி ரீபூட் என்று சுத்திக்கிட்டே இருக்கும். காப்ளர் பயன்படுத்துறவங்களுக்கு, ஒருமுறை மட்டும் இன்ஸ்டால் செய்ய அதிலேயே ஒரு அமைப்பு இருக்கு.

இன்னும் ரெண்டு பாதுகாப்பு. கிக்ஸ்டார்ட்டின் ‘ப்ரீ’ பகுதியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, டிஸ்கில் ஏற்கெனவே பார்ட்டிஷன் இருந்தால் நின்றுவிடச் சொல்லலாம். பழைய மெஷினை வேணும்னே அழிக்கிறதா இருந்தா, அதை நாம தனியாக அனுமதிக்கணும். அடுத்து, இன்ஸ்டலேஷனுக்கு ஒரு தனி விலேன் வைங்க. யாரோ ஒருத்தர் சுவரில் இருக்கும் போர்ட்டில் கேபிளைச் சொருகினால் அது இன்ஸ்டால் சர்வருக்குப் போகக் கூடாது.

நீங்க இப்படி ஒரு சர்வீஸ் அமைத்தால், 40 மெஷினில் ஓடுதான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, பட்டியலில் இல்லாத ஒரு மெஷினைக் கொண்டு வந்து சொருகிப் பாருங்க. அது எதுவும் ஆகாமல் தன்பாட்டுக்கு பூட் ஆனால்தான் உங்க வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

உங்க அனுபவங்களையும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.