பட்டாணிக் கணக்கு

வழமையாக வரிக் கணக்குப் பற்றிப் பேசுகிற நான், இன்று பட்டாணி பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் தகப்பனார் வசாவிளானில் தோட்டம் செய்தவர். 1990 யூனில் செம்மண் காணியையும் கிணற்றையும் விட்டுப் புறப்பட்டார். 1997இல் வெஸ்ட் ஈலிங்கில் எங்களிடம் வந்து சேர்ந்தார். வீட்டின் பின்வளவு புல் முளைத்துக் கிடந்தது. "ஏதாவது நடுங்கோவன் அப்பா" என்றால், "இது எங்கடை மண் இல்லைத் தம்பி. அடுத்த வருசம் ஊருக்குப் போறம்தானே, பிறகேன்?" என்பார். ஐந்து வருடங்கள் யன்னலடியிலேயே இருந்தார்.

2002இல் சமாதானம் வந்தது, ஏ9 பாதை திறந்தது. ஊருக்குப் போனார். காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "தம்பி, ஒரு மண்வெட்டி வாங்கி வா" என்றார்.

அடுத்த ஏப்ரலில் பயிற்றை போட்டார். குளிரில் விதை அழுகிப் போயிற்று. நோர்த்ஃபீல்ட் அவெனியூவில், 1832இல் ஏழைகளுக்கென ஒதுக்கிய தோட்டக் காணிகள் இன்றும் இருக்கின்றன. அங்கே பயிர் செய்த ஒரு வயோதிபர் ஒரு பிடி பட்டாணி விதை கொடுத்தார். 'ஃபெல்தம் ஃபர்ஸ்ட்' என்ற இனம். நமக்குக் கிட்ட இருக்கும் ஃபெல்தத்தின் பெயர்தான். மார்ச்சில் ஊன்றினோம், முளைத்தது. "இது குளிருக்குப் பயப்பிடாத சாதி" என்றார் அப்பா.

நேயர்களே, செய்முறை இதுதான். மார்ச் நடுப்பகுதி தொடங்கி யூன் ஆரம்பம் வரை ஊன்றலாம். 15 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் தட்டையாக வாய்க்கால் வெட்டி, விதைக்கு விதை 5 முதல் 7 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். எலி விதையைத் தின்றால், பழைய பிளாஸ்ரிக் பீலித் துண்டில் மண் நிரப்பி வீட்டுக்குள் முளைக்க வைத்து, அப்படியே வாய்க்காலுக்குள் வழுக்கி விடலாம். புறாவுக்கு வலை போடுங்கள். கொடி பற்றிப் பிடிக்கச் சுள்ளித் தடிகள் குத்துங்கள். காணி இல்லாதவர்களுக்கு ஓட்டை போட்ட ஆழமான வாளியும் போதும், குட்டை இனமாகப் பாருங்கள்.

பூக்கும்போது தண்ணீர் குறையக் கூடாது. வெக்கை பட்டாணிக்கு ஆகாது. 2022 யூலை 19ஆம் திகதி ஹீத்ரோவில் 40.2 பாகை அடித்தபோது, எங்கள் பிந்திய விதைப்பு முழுவதும் கருகிற்று. முந்தி ஊன்றியது அதற்குள் எங்கள் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆகவே பிந்தாதீர்கள்.

பன்னிரண்டு, பதினான்கு கிழமையில் காய் முற்றும். அடியிலிருந்து மேலாக, ஓரிரு நாளுக்கு ஒருமுறை ஆயுங்கள். ஆய ஆயத்தான் மேலும் காய்க்கும். ஆய்ந்த அன்றே சமையுங்கள், வைத்தால் இனிப்பு மாப்பொருளாக மாறிவிடும். இளம் நுனிகளைக் கிள்ளித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்துப் பாருங்கள். கடைசியில் கொடியைப் பிடுங்காமல் அடியோடு வெட்டுங்கள். வேர் முடிச்சுகளில் சேர்ந்த நைதரசன் அடுத்த பயிருக்கு உதவும்.

கணக்காளனாக உண்மையைச் சொல்ல வேண்டும். இதில் இலாபம் இல்லை. உறைய வைத்த பட்டாணி கடையில் மலிவு. ஆனால் அந்த முதல் யூனில் அப்பா ஒரு கோப்பை நிறையப் பட்டாணி உரித்துக்கொண்டு வந்து, "எங்கடை தோட்டத்துப் பட்டாணி" என்று மேசையில் வைத்தார். 'எங்கடை' என்ற சொல்லை இந்த நாட்டில் எதற்கும் அவர் பாவித்து நான் அதுவரை கேட்டதில்லை.

அவர் 2011இல் காலமானார். ஒவ்வொரு வருடமும் சில கொடிகளில் காய்களை முற்றிக் காய விட்டு விதை எடுக்கிறோம். இப்போது ஊன்றுவது பிள்ளைகள்.

உங்கள் வீட்டிலும் யன்னலடியில் ஒரு முதியவர் இருக்கலாம். 'ஏதாவது நடுங்கோ' என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். வருகிற மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, முதல் வாய்க்காலை நீங்களே வெட்டுங்கள். விதையை அவர் கையில் கொடுங்கள்.