உடல் ஓர் அமானிதம்: எடை குறைக்கும் ஊசிகள் குறித்துச் சில சிந்தனைகள்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலாத்தும் ஸலாமும் நமது நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

உடல் எடையைக் குறைப்பதற்கென வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசிகளைப் பற்றி இன்று பேசாத நாடில்லை. வாகரை, பனிச்சங்கேணி போன்ற கரையோரக் கிராமங்கள் முதல் ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி வரை கைப்பேசி நுழையாத வீடில்லை. அதன் வழியே இவ்வூசிகளின் விளம்பரங்கள் நுழையாத வீடும் அரிதாகி வருகின்றது. திருமணத்துக்கு நாள் குறிக்கப்பட்ட பெண்ணும், பிள்ளைப் பேற்றுக்குப் பின் உடல் பருத்த தாயும், கதிரையில் அமர்ந்தே தொழில் செய்யும் இளைஞனும் இதை நாடலாமா என்று வினவுகின்றனர். இவ்வினாவுக்கு மார்க்கத்தின் ஒளியிலும் மருத்துவத்தின் ஒளியிலும் விடை காண்பது நம் அனைவரினதும் கடமையாகும்.

முதலில் இம்மருந்து யாதென அறிந்துகொள்வோம். நாம் உணவுண்டதும் நமது குடலில் ஒரு சுரப்பு உண்டாகின்றது. இரத்தத்தில் சீனி கூடும்போது இன்சுலினைச் சுரக்கச் செய்வதும், இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்வதும், வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தியை மூளைக்கு உணர்த்துவதும் அச்சுரப்பின் பணிகளாகும். வல்ல அல்லாஹ் நம்முள் அமைத்து வைத்த இந்த ஏற்பாட்டைப் போன்று செயற்படுமாறு ஆக்கப்பட்டதே செமக்ளுடைட் என்னும் மருந்து. ஒஸெம்பிக் என்ற பெயரில் 2017 டிசம்பரில் அமெரிக்காவில் நீரிழிவு நோயாளருக்காக இது அனுமதிக்கப்பட்டது. வெகோவி என்ற பெயரில் உடற்பருமனுக்காக 2021 ஜூன் மாதத்தில் அனுமதி பெற்றது. டிர்செபடைட் என்னும் மற்றொரு மருந்து மௌஞ்சாரோ என்ற பெயரில் 2022 இல் வெளிவந்தது. நமது அயல்நாடாகிய இந்தியாவில் 2025 மார்ச் மாதத்தில் மௌஞ்சாரோவும், ஜூன் மாதத்தில் வெகோவியும் விற்பனைக்கு வந்தன.

இம்மருந்துகளால் நன்மையில்லை என்று கூறுவது நீதியன்று. 2021 இல் வெளியான ஆய்வொன்றில், உணவுக் கட்டுப்பாட்டுடனும் உடற்பயிற்சியுடனும் 68 வாரங்கள் செமக்ளுடைட் பெற்றவர்கள் சராசரியாகத் தமது எடையில் நூற்றுக்குப் பதினைந்து வீதமளவில் இழந்தனர். 2023 இல், பருத்த உடலும் இருதய நோயும் உள்ள பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் நேரும் மரணம் ஆகியவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் நிவாரணத்தை இறக்கியுள்ளான் என்பதும், நோயுற்றவர் மருந்தை நாட வேண்டும் என்பதும் நபி (ஸல்) அவர்களின் போதனையாகும். எனவே தகுதியுள்ள வைத்தியர் ஒருவர் பரிசோதித்து, உரிய நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும்போது இம்மருந்து இறைவனின் அருளேயாகும். அதை எடுப்பவரை ஈமான் குறைந்தவரென்றோ, சோம்பேறியென்றோ எவரும் பழிக்கலாகாது.

இது பன்றியிலிருந்து எடுக்கப்பட்டதா என்று சிலர் ஐயுறுகின்றனர். செமக்ளுடைட்டின் அடிப்படைப் பொருள் நொதியத்தைக் கொண்டு, அதாவது ஈஸ்ட்டைக் கொண்டு, ஆய்வுகூடத்தில் உருவாக்கப்படுகின்றது. டிர்செபடைட் இரசாயன முறையில் தொகுக்கப்படுகின்றது. நோன்பு காலத்தில் ஊசி போடலாமா என்றும் வினவுகின்றனர். போஷாக்கூட்டும் ஊசிகளைத் தவிர, தோலிலும் தசையிலும் நரம்பிலும் ஏற்றப்படும் மருந்தூசிகள் நோன்பை முறிக்கமாட்டா என 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி தீர்மானித்தது. ஆயினும், வாரத்துக்கு ஒன்றேயான இவ்வூசியை இரவில் போட்டுக்கொள்வதில் எவ்விதச் சிரமமுமில்லை. வாந்தியும் வயிற்றோட்டமும் உள்ளவர் பகலெல்லாம் நீரின்றி நோன்பிருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால், ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடமும், மார்க்கச் சந்தேகங்களுக்கு உலமாக்களிடமும் ஆலோசனை பெறுவது அவசியம்.

ஆகவே ஊசி ஆகுமானதா என்பதுடன் நமது கேள்வி முடிந்துவிடவில்லை. யாருக்காக வாங்குகின்றீர்கள்? யாருடைய கையிலிருந்து வாங்குகின்றீர்கள்? இவ்விரு கேள்விகளிலேயே ஹலாலும் ஹராமும் அடங்கியுள்ளன.

வாசகர்களே, இம்மருந்தின் தீங்குகளைச் சிந்தியுங்கள். குமட்டல், வாந்தி, வயிற்றோட்டம், மலச்சிக்கல் என்பன பலருக்கும் உண்டாகின்றன. பித்தப்பைக் கற்களும், கணைய அழற்சியும் சிலருக்கு ஏற்படுகின்றன. தைரொயிட் சுரப்பியில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ இருந்திருந்தால் இதைத் தொடவே கூடாதென மருந்துப் பெட்டியிலுள்ள குறிப்பே எச்சரிக்கின்றது. மிக அரிதாகக் கண் நரம்பு பாதிக்கப்பட்டுப் பார்வை குன்றலாமென ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2025 ஜூன் மாதத்தில் அறிவித்தது. கர்ப்பிணிகளுக்கு இது உகந்ததன்று. கருத்தரிக்க நாடும் பெண் இரண்டு மாதங்களுக்கு முன்னரே செமக்ளுடைட்டை நிறுத்தவேண்டும். திருமணத்துக்காக மெலிய விரும்பும் மணப்பெண்ணுக்கு விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் அவை சொல்வதில்லை. ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டும் ஏறிவிட்டதை அதே ஆய்வின் தொடர்ச்சி எடுத்துக்காட்டியது. கொழுப்புடன் தசையும் கரைகின்றது. மாதந்தோறும் பெருந்தொகை செலவிட்டு, கடன்பட்டு, நகையை அடகு வைத்து வாங்கியவர், பணம் தீர்ந்ததும் பழைய உடலுக்கே திரும்பிச் செல்ல நேரிடும். வீண்விரயத்தைத் திருமறை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

போலி மருந்தின் அபாயம் இவை யாவற்றிலும் பெரிது. 2023 ஒக்டோபரில் ஒஸ்திரியா நாட்டில், ஒஸெம்பிக் என நம்பிப் போலி ஊசியைப் போட்டுக்கொண்ட பலர் இரத்தச் சீனி திடீரெனக் குறைந்து வலிப்புற்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். அவற்றுள் இருந்தது இன்சுலின் என்றே அந்நாட்டு அதிகாரிகள் கருதினர். பிரேசிலிலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் போலி ஒஸெம்பிக் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூன் மாதத்தில் உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில், சிறு குப்பிகளில் தயாரித்து விற்கப்பட்ட செமக்ளுடைட்டைத் தாமே ஊசிக்குழாயில் இழுத்துப் போட்டுக்கொண்டோர் சிலர், உரிய அளவைவிட ஐந்து முதல் இருபது மடங்கு வரை ஏற்றிக்கொண்டதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் அறிவித்தது. செல்வமும் சட்டமும் நிறைந்த நாடுகளிலேயே நிலைமை இதுவாகும்.

நமது நாட்டிலோ, 2023 இல் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இமியூனோகுளோபுலின் ஊசிமருந்து தரமற்றதென வெளிப்பட்டு, அது தொடர்பான விசாரணையில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைது செய்யப்பட்டார். அரசாங்கத்தின் கொள்வனவுக்குள்ளேயே இத்தகைய மருந்து புகுந்துவிட முடியுமெனில், முகநூலில் பெயர் மறைத்து விற்பவனின் பொதிக்குள் என்ன இருக்கின்றது என்பதை யார் அறிவார்? மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வருபவர் அன்பின் காரணமாகப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் ஊசியும் அபாயமற்றதன்று. திறக்கப்படாத செமக்ளுடைட் ஊசி இரண்டு முதல் எட்டுப் பாகை வரையான குளிரிலேயே இருக்க வேண்டும். விமானத்திலும், வாகன வெப்பத்திலும், மின்சாரம் தடைப்பட்ட வீட்டிலும் பல நாட்கள் கிடந்த மருந்து வீரியம் கெட்டுப்போயிருக்கலாம்.

வாகரையில் வாழும் சகோதர சகோதரிகள் இதை விசேடமாகச் சிந்திக்க வேண்டும். மட்டக்களப்பு நகரம் உங்களுக்கு வெகு தொலைவு. வைத்தியரின் அறிவுக்கெட்டாமல் இரகசியமாகப் போட்டுக்கொண்ட ஊசியால் நள்ளிரவில் வாந்தியும் மயக்கமும் உண்டானால், வைத்தியசாலைக்குச் செல்லும் வழியும் நீளமானது. எந்த மருந்து ஏற்றப்பட்டது என்பதை மறைத்தால் சிகிச்சையும் தவறிப்போகும். அத்தகைய நிலை எவருக்கேனும் ஏற்பட்டால் வெட்கத்தை விட்டு, மருந்தின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே செல்லுங்கள். தன்னைத் தானே அழிவுக்குள்ளாக்குவது மார்க்கம் தடுத்த செயலாகும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்தால் நேரும் தீங்குக்கு அவனே பொறுப்பாளி என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்பதும் அன்னாரின் எச்சரிக்கையே. அழகு நிலையத்தின் பின்னறையிலிருந்தும் வட்ஸ்அப் குழுவிலிருந்தும் ஈட்டப்படும் இந்த இலாபம் எந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் செல்கின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்து, பிறர் உரிமை. 2022 முதல் உலகெங்கும் இம்மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நிலவியது. அமெரிக்காவில் செமக்ளுடைட் தட்டுப்பாடு நீங்கியதாக அறிவிக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அக்காலத்தில், மெலிவதற்காக வாங்கியோரின் கூட்டத்துக்குப் பின்னால், நீரிழிவுக்காக வாங்க வந்த நோயாளி வெறுங்கையுடன் திரும்பினார். நமது நாட்டில் வளர்ந்தோருள் ஐவரில் ஒருவருக்கேனும் நீரிழிவு உண்டு. தேவையின்றி ஒருவர் வாங்கும் ஒவ்வோர் ஊசியும் தேவையுள்ள ஒருவரின் பங்காக இருக்கக்கூடும். அடியார்களின் உரிமையை, உரியவர் மன்னிக்காதவரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்பதை உலமாக்கள் வாயிலாக நாம் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்!

இந்த ஆசை எங்கிருந்து பிறக்கின்றது என்பதையும் நாம் ஆராய வேண்டும். பருத்த பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் குறை கூறுவதும், பாடசாலையில் பிள்ளையைப் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதும், கலியாண வீட்டில் "என்ன இப்படி உடம்பு வைத்துவிட்டாய்" என்று பலர் முன் கேட்பதும் நம்மிடையே சாதாரணமாகிவிட்டன. பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் சூரா அல்ஹுஜுராத் தெளிவாகத் தடுத்துள்ளது. நாவினால் காயப்படுத்தியவனே, அக்காயத்துக்கு மருந்தாக இரகசிய ஊசியைத் தேடும்படி அந்தப் பெண்ணைத் தூண்டியவனாகின்றான். நாவை அடக்கினால் இந்தச் சந்தையின் பாதி அடங்கிவிடும்.

மறுபாதி நமது உணவுத் தட்டில் இருக்கின்றது. தோணி வலித்தும், வலை இழுத்தும், வயல் உழுதும் வாழ்ந்த முன்னோர் உண்ட சோற்றை, மோட்டார் சைக்கிளிலும் கதிரையிலும் வாழும் நாம் அதே அளவில் உண்கின்றோம். அதற்கு மேல் சீனி நிறைந்த தேநீரும், இரவில் கொத்து ரொட்டியும், வலீமாவில் சஹனை நிரப்பிய புரியாணியும் வட்டிலப்பமும் சேர்கின்றன. வயிற்றை மூன்றாகப் பகுத்து உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம்விடும் நபிவழியும், திங்கள், வியாழன் நோன்புகளும், பள்ளிக்கு நடந்து செல்லும் ஒவ்வோர் எட்டும் செலவின்றி நமக்குக் கிடைத்தவை. வாவியிலும் கடலிலும் கிடைக்கும் மீனும், முற்றத்துக் கீரையும் நமது கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன.

எனவே, அன்பர்களே, செய்ய வேண்டியது இதுதான். அரச வைத்தியசாலைகளில் இயங்கும் சுகவாழ்வு நிலையங்களுக்குச் சென்று உங்கள் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். அங்கு இப்பரிசோதனை இலவசமானது. நோயுண்டெனில் வைத்தியரின் சொல்லைக் கேளுங்கள். ஊசி தேவையென அவர் கூறினால், அவர் எழுதிய துண்டுடன், அனுமதி பெற்ற பாமசியில், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான மருந்தை மட்டும் வாங்குங்கள். ஒருவருக்கு எழுதிய ஊசியை மற்றவர் போடாதீர்கள். நோயில்லையெனில், இறைவன் தந்த உடலுக்கு நன்றி செலுத்தி, உணவைக் குறைத்து, நடையைக் கூட்டுங்கள்.

இவ்வுடல் நமக்குச் சொந்தமானதன்று. திருப்பி ஒப்படைக்க வேண்டிய அமானிதம். அதை எவ்வாறு பயன்படுத்தினோம் என மறுமையில் வினவப்படுவோம். அந்த வினாவுக்கு அஞ்சாமல் விடை கூறும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நோயுற்றோருக்குப் பூரண சுகத்தை வழங்குவானாக! ஆமீன்.