விஞ்ஞானமும் கதையும்



விஞ்ஞானத்தை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுகிறவர்கள் வெறும் கணக்கை மட்டும் அடுக்கினால் அது காதில் ஏறாது; கதையாகச் சொன்னால்தான் ஏறும் என்கிறோம். கதைகளாலேயே கெட்ட ஜனங்களுக்கு இன்னும் ஒரு கதையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால், குறுக்கே கேள்வி கேட்டால் பாவம் என்று வாயை அடக்கும் கதை வேறு. கேட்கக் கேட்க உறுதிப்படும் கதை வேறு. நாம் சொல்லுவது பின்னதையேயாகும்.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். 1854-ம் வருஷத்தில் லண்டன் பிராடு தெருப் பக்கத்தில் காலரா கண்டு, பத்தே நாளில் 500 பேருக்கு மேல் மாண்டார்கள். கெட்ட காற்றே காரணம் என்பது அன்றைய வைத்தியர்கள் பெரும்பாலோரின் எண்ணம். டாக்டர் ஜான் ஸ்நோ என்பவரோ தெருப் பம்பின் தண்ணீரே காரணம் என்றார். அவர் சாவுக் கணக்கோடு நிற்கவில்லை. அதே தெருவில் பீர் காய்ச்சும் ஆலையில் 70 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். பீர் குடித்த அவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. தூரத்து ஹாம்ப்ஸ்டெட்டில் ஓர் அம்மாள் ருசிக்காக அந்தத் தண்ணீரை வருவித்துக் குடித்து இறந்தார். காற்றுதான் காரணமென்றால் பக்கத்திலிருந்தவர்களை விட்டு, தூரத்திலிருந்தவரைப் பிடிப்பானேன்?

அப்பகுதிப் பாதிரியார் ஹென்றி வொயிட்ஹெட் இதை நம்பவில்லை. தப்பென்று காட்டவே வீடு வீடாக விசாரித்தார். விசாரித்தவர் முடிவில் ஸ்நோவின் பக்கமே வந்தார். பம்பின் அருகே 40-ம் நம்பர் வீட்டில், நோய்கண்ட குழந்தையின் துணி அலசிய தண்ணீரை மலக்குழியில் ஊற்றியதைக் கண்டுபிடித்தவரும் அவரே. தோண்டிப் பார்த்ததில், அந்தக் குழி கிணற்றுக்குள் கசிந்தது தெரிந்தது.

செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று பலர் கதையை முடிக்கிறார்கள். அது ஒட்டுப்போட்ட முடிவு. ஜனங்கள் ஓடிவிட்டதால் முன்பே சாவு குறைந்திருந்ததாக ஸ்நோவே எழுதியிருக்கிறார். அழகுக்காக ஒரு பொய்யைச் சேர்த்தால், அதைக் கண்டுகொண்டவன் தண்ணீரைப் பற்றிய உண்மையையும் சேர்த்தே தள்ளிவிடமாட்டானா? பிறகு அவன் குழந்தைக்கு வாந்திபேதி கண்டால் யார் ஜவாப்தாரி?

ஆகையால் தண்ணீரைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ ஊரில் பேசப்போகும் தோழர்கள் தாராளமாகக் கதை சொல்லுங்கள், ஒட்டுமட்டும் போடாதீர்கள். சந்தேகப்படுகிறவனைப் பரிகாசம் செய்யாமல், வொயிட்ஹெட்டைப் போல் விசாரிக்கச் சொல்லுங்கள். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக யாரும் நம்பவேண்டியதில்லை.