தீவுக்கும் தீவுக்கும் இடையே: தூரமும் நேரமும்
(பெங்களூர் விவேக் நகரில் ஆற்றப்பட்ட உரை)

இந்தியாவின் இரு தீவு யூனியன் பிரதேசங்கள் இரு வேறு கடல்களில் உள்ளன. அரபிக் கடலிலுள்ள இலட்சத்தீவுகளின் விமான நிலையம் அகத்தித் தீவில் அமைந்துள்ளது. வங்கக் கடலின் கிழக்கு எல்லையில் இருப்பது அந்தமானின் வீர சாவர்க்கர் விமான நிலையம். போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. இவ்விரு நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,240 கிலோமீட்டர்.

அகத்தியிலிருந்து பெங்களூர் சுமார் 660 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் சுமார் 1,640 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 2,300. ஆகவே பெங்களூர் வழியே செல்வதால் கூடும் தூரம் 60 கிலோமீட்டர் அளவே. நிலப்படத்தைப் பொறுத்தவரை இந்நகரம் இரு தீவுக் கூட்டங்களையும் இணைக்கும் பாதையிலேயே இருக்கிறது எனலாம்.

ஆனால் பயண நேரத்தைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமன்று. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் 2,240 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்திற்குள் கடந்துவிடும். எனினும் 1988இல் திறக்கப்பட்ட அகத்தி ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,200 மீட்டரே. அந்தமானின் ஓடுபாதையோ 3,000 மீட்டருக்கு மேற்பட்டது. வழக்கமான பெரிய ஜெட் விமானங்கள் அகத்தியில் இறங்க இயலாது; அங்கு டார்னியர், ஏ.டி.ஆர். போன்ற சுழல்விசிறி விமானங்களே பொருந்தும். 2024 மார்ச் இறுதியில் பெங்களூர்–அகத்தி வழித்தடத்தில் நேரடிச் சேவை தொடங்கியபோதும் ஏ.டி.ஆர். விமானமே பயன்பட்டது. அதன் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர். ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால் அகத்தி–பெங்களூர் பயணத்திற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமும், அந்தமான் பயணத்திற்கு இரண்டரை மணி நேரமும் தேவை. வானில் செலவாவது மொத்தம் நான்கு மணி நேரம்.

எஞ்சிய நேரம் தரையில் செலவாகிறது. விவேக் நகர்வாசிகள் இதை நன்கறிவர். எச்.ஏ.எல். விமான நிலையம் அவர்களுக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது. 2008 மே மாதத்தில் பயணிகள் விமானப் போக்குவரத்து தேவனஹள்ளிக்கு அருகே மாறியபின், சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் செல்ல வேண்டியதாயிற்று. விமானத்தின் வேகம் குறையவில்லை. பயணியின் மொத்த நேரம் கூடிவிட்டது.

தீவுவாசிக்கு இச்சிக்கல் பன்மடங்கு. அகத்தியில் இறங்கிய பின்னும் தலைநகர் கவரத்திக்குப் படகிலோ ஹெலிகாப்டரிலோ செல்ல வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலில் சென்றால் 14 முதல் 18 மணி நேரம் ஆகும். அந்தமானிலோ, ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து தெற்கே 500 கிலோமீட்டருக்கு அப்பால் கேம்ப்பெல் விரிகுடா உள்ளது. இணைப்பு விமானம் ஒன்று தவறினால் நான்கு மணி நேரப் பயணம் இரண்டு நாள் பயணமாகிவிடுகிறது. சுற்றுலாப் பயணிக்கு அது அசௌகரியம். அவசர சிகிச்சைக்காகச் செல்லும் நோயாளிக்கோ உயிர்ப் பிரச்சினை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இலட்சத்தீவுகளில் வாழ்ந்தோர் 64 ஆயிரம் பேர். அந்தமான் நிக்கோபாரில் 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இத்தகைய சிறு சந்தைகளில் இலாபத்தை மட்டும் நம்பிச் சேவைகள் நிலைக்க மாட்டா. 2016இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் இழப்பீட்டு உதவி இக்கருத்தின் அடிப்படையிலேயே அமைந்தது.

ஓடுபாதையை நீட்டுவது ஒரு தீர்வு. ஆயினும் நான்கு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புள்ள அகத்தியில், நீட்டும் ஒவ்வொரு மீட்டரும் நிலத்தையோ பவளப்பாறையையோ விலையாகக் கேட்கும். விமானம், கப்பல், ஹெலிகாப்டர் ஆகியவற்றின் கால அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு அத்தகைய விலை இல்லை. நோயாளிகளுக்கென இருக்கைகளை ஒதுக்குவதற்கும் இல்லை. எனவே முதலில் செய்யத்தக்கவை இவையே. தீவுகளின் போக்குவரத்து வளர்ச்சியை விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள கிலோமீட்டரால் அளப்பது போதாது. வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வாசல் வரை ஆகும் மணிகளால் அளப்பதே முறையாகும்.