ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு திக்குவாய் வாத்தியார்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் நீங்க பேசணும்" என்றபோது, "வேற ஆளைப் பாருங்க சார்" என்றுதான் முதலில் சொன்னேன். காரணம் எங்கள் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். எனக்குத் திக்குவாய். 'க'வும் 'ப'வும் வந்தால் வண்டி நின்றுவிடும். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று தோன்றியது. நடுவில் நின்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நம் நூலகத்தில் லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸ் கதைப் புத்தகம் கையில் கிடைத்தது. ஹாஸ்டலில் அதை வைத்துக்கொண்டிருந்தேன். "என்னடா, இஞ்சினியரிங் படிக்கிறவன் முயல் கதை படிக்கிறே?" என்று ரூம்மேட் கிண்டல் செய்தான். முன்னுரையைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணித விரிவுரையாளர். இயற்பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன். அவருக்கும் திக்குவாய்! அன்றிலிருந்து அவர் என் ஆள்.

2019 ஜூன் மாதம் கம்பெனி வேலையாக லண்டன் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். சுமார் ஒரு மணி நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு வந்துவிட்டது. நம் காலேஜ் மாதிரி பெரிய கேட், உள்ளே காம்பவுண்ட் என்று தேடினால் அங்கே பல்கலைக்கழகம் கிடைக்காது. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஊர் முழுக்கக் கடைத்தெருவோடு கலந்து நிற்கின்றன. நான் நேராகப் போனது கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கு. டாட்ஜ்சன் 1851-ல் அங்கே மாணவராக நுழைந்தார். 1855-ல் கணித விரிவுரையாளர் ஆனார். 1881-ல் அந்த வேலையை விட்ட பிறகும், 1898-ல் இறக்கும்வரை அந்தக் கல்லூரிதான் அவருக்கு வீடு.

உணவுக்கூடத்தில் வாசல் பக்கமாகவே அவருடைய ஓவியம் மாட்டியிருக்கிறது. ஒரு ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில் ஆலிஸ் கதைப் பாத்திரங்கள். கணப்படுப்பில் விறகைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளுக்கு நீண்ட கழுத்து. ஆலிஸின் கழுத்து நீளும் கட்டத்துக்கு அதுதான் மூலம் என்று சொல்வார்கள். அந்தக் கூடத்தில் இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் மேசையில் அதிகம் பேசியிருப்பாரா, சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாரா? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். திக்குவாய்க்காரன் நிறையப் பார்ப்பான். இது என் அனுபவம்.

டாட்ஜ்சன் திக்கலுக்காக ஜேம்ஸ் ஹன்ட் என்ற நிபுணரிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். முழுக்கச் சரியாகவில்லை. 1861-ல் திருச்சபையில் டீக்கன் பட்டம் பெற்றவர், அடுத்த படியான குருப்பட்டத்துக்குப் போகவே இல்லை. பேச்சுத் தடையும் அதற்கு ஒரு காரணம் என்பது பலருடைய கருத்து.

அந்த மனிதர்தான் 1862 ஜூலை 4-ம் தேதி, டக்வொர்த் என்ற நண்பரோடு, கல்லூரித் தலைவர் லிடெல்லின் மூன்று பெண்களையும் படகில் அழைத்துக்கொண்டு ஃபாலி பாலத்திலிருந்து காட்ஸ்டோ வரை தேம்ஸ் நதியில் போனார். சுமார் 5 கிலோமீட்டர். வழியில் குழந்தைகள் கதை கேட்டார்கள். வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டே போனார். பத்து வயது ஆலிஸ், இதை எழுதித் தாருங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். கையால் எழுதி, 37 படங்களும் தானே வரைந்து, 1864 நவம்பரில் அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

நானும் அந்தப் பாலத்தில் ஆரம்பித்துக் கரையோரமாகவே காட்ஸ்டோ வரை நடந்தேன். பெரிய புல்வெளி, மேயும் மாடுகள், குதிரைகள், கடைசியில் இடிந்த கன்னிமாடத்தின் சுவர். விசேஷமாக ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. வகுப்பில் வாய் திறக்கச் சிரமப்பட்ட ஒருவர் இங்கே ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியிருக்கிறார். அன்று எத்தனை முறை திக்கினாரோ! எதிரே இருந்தவர்களுக்கு அவசரமில்லை. அவர்களுக்குக் கதை வேண்டும், அவ்வளவுதான்.

நம் துறைக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1865-ல் புத்தகம் 2000 பிரதி அச்சாகிவிட்டது. படம் வரைந்த டென்னியல், அச்சு திருப்தியில்லை என்றார். அச்சுச் செலவு டாட்ஜ்சனுடையது, சம்பளக்காரர். இருந்தும் அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டு மறுபடி அச்சடிக்கச் சொன்னார். தரக்கட்டுப்பாடு என்று நாம் மீட்டிங் போட்டுப் பேசுவதை அவர் கைக்காசு போட்டுச் செய்தார்.

மாலையில் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டோடோ பறவையைப் பார்த்தேன். பூண்டோடு அழிந்துபோன பறவை. கதையில் வருகிற டோடோ, டாட்ஜ்சன் தன்னையே வைத்து எழுதிய பாத்திரம். தன் பெயரைச் சொல்லும்போது 'டோ... டோ...' என்று திக்குவார், அதனால்தான் அப்படி வைத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. இருந்தாலும் கண்ணாடிக்கு முன்னால் நின்று என் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முயற்சியில் வந்தது!

இரவு 9 மணி 5 நிமிடத்துக்குக் கிறைஸ்ட் சர்ச் கோபுரத்து மணி 101 முறை அடித்தது. ஜூன் மாதம் அங்கே அந்நேரமும் வெளிச்சம் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு கிரீன்விச்சுக்கு மேற்கே ஒன்றேகால் டிகிரி. டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 5 நிமிடம் வித்தியாசம். நாடு முழுக்க ஒரே நேரம் வந்த பிறகும் அந்த மணி மட்டும் பழைய ஆக்ஸ்ஃபோர்டு கணக்கில் ஒன்பதுக்கு அடிக்கிறது. தாமதமாக அடிக்கிறது என்று யாரும் குறை சொல்வதில்லை. நின்று கேட்கிறார்கள்.

அப்போது எனக்கு நம் லேப் ஞாபகம் வந்தது. மூன்றாம் ஆண்டு மெஷின்ஸ் லேப் வைவா. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், இண்டக்ஷன் மோட்டாரில் ஸ்லிப் என்றால் என்ன என்று கேட்டார். பதில் தெரியும். முதல் எழுத்து வரவில்லை. "படிக்காம வந்துட்டு நடிக்கிறியா?" என்று வெளியே அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் நம் சார் ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்து, "இப்ப சொல்லுப்பா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நடுவில் ஒரு வார்த்தைகூட அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. "சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மார்க் அதற்குள் போட்டு முடிந்திருந்தது. ஆனால் அடுத்த வைவாவுக்கு நான் ஓடி ஒளியவில்லை. அந்த சார் இங்கே முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

நண்பர்களே, நம்மில் பலர் இன்று இண்டர்வியூ எடுக்கிற இடத்தில் இருக்கிறோம். சிலர் வாத்தியார் ஆகியிருக்கிறார்கள். எதிரே ஒரு பையனோ பெண்ணோ தடுமாறினால் வார்த்தையை எடுத்துக்கொடுக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு பத்து விநாடி கூடுதலாகப் பொறுங்கள். அதைக் கேட்கத்தான் இன்று மேடை ஏறினேன்.

நீங்களும் எனக்காகப் பொறுத்திருந்தீர்கள்.