அடிமை நாட்டின் விமானிகள்
(பல்லடம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தறியில் நின்றாலும், காட்டில் களை எடுத்தாலும், சூலூர் விமானத்தின் சத்தம் நம் காதில் விழுகிறது. அந்த விமானத்தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போடப்பட்டது. அந்தப் போரில் பறந்தவர்களைப் பற்றிப் பேசுவோம்.

1939-ல் இட்லரின் படை போலந்தை விழுங்கியது. நாடிழந்த விமானிகள் பிரிட்டனுக்குத் தப்பி வந்தார்கள். 1940-ல் பிரிட்டனின் வானத்தைக் காத்த போரில் 145 போலந்து விமானிகள் பறந்தார்கள். தாய்நாட்டை மீட்பதே அவர்கள் நோக்கம்.

அதே ஆண்டில் இந்தியாவிலிருந்து 24 விமானிகள் பிரிட்டனுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் சிம்லாவில் பிறந்த மகிந்தர் சிங் பூஜ்ஜி. தலைப்பாகையைக் கழற்ற மறுத்து, அதன்மேலேயே காதுக்கருவியை மாட்டி ஹரிக்கேன் போர்விமானம் ஓட்டினார். பிறகு பர்மா முனையிலும் பறந்தார்.

பாசிசத்தை எதிர்த்தது சரியே. ஆனால் போலந்தை விழுங்கியவன் எதிரி என்றால், இந்தியாவை விழுங்கியவன் யார்?

1946 பிப்ரவரி 18-ல் பம்பாய்க் கடற்படை மாலுமிகள் பதில் சொன்னார்கள். கெட்ட சோற்றையும் நிறத்திமிரையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். விமானப்படையினர் பலரும் கூட நின்றார்கள். மில் தொழிலாளர்கள் ஆலையைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கிச் சூட்டில் 200-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

பூஜ்ஜிக்கு 2014-ல் இங்கிலாந்தின் கிரேவ்செண்டில் சிலை வைத்தார்கள். நல்லது. பம்பாய்த் தெருவில் விழுந்தவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

தோழர்களே! இனி விமானச் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்கும்போது, வானில் பறந்தவனோடு மண்ணில் விழுந்த நம் மில் தொழிலாளியையும் நினைப்போம். அவன் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்!