ஆட்டுக்கு மேல் பல் எங்கே?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒரு டீச்சர் கேட்டிருந்தாங்க: "பசங்களை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போறோம், திரும்பி வந்தா ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்கறாங்க. என்ன பண்றது?" இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறேன்.

முதல்ல என் கதை. ஆறாவது படிக்கும்போது எங்க ஸ்கூல்ல எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எனக்கு ஞாபகம் இருக்கிறது மூணே விஷயம்: பஸ்ல ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, டிபன் பாக்ஸ்ல எலுமிச்சை சாதம், "கையைக் கட்டு, லைன்ல போ, தொடாதே"ன்னு ஒரு குரல். அவ்வளவு பெரிய திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே நடந்துபோயிருக்கேன். நின்னு பார்த்ததா ஞாபகமே இல்லை.

அது சாதாரண இடம் இல்லைங்க. 1851-ல ஆரம்பிச்ச மியூசியம். முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர்ங்கிற டாக்டர். உயிரோட இருக்கிற புலியையும் சிறுத்தையையும் பார்க்க ஜனங்க கூட்டம் கூட்டமா வர்றதை அவர் கவனிச்சார். ஆற்காடு நவாப்கிட்ட பேசி, அவர் வளர்த்த மிருகங்களையும் வாங்கி, 1855-ல மியூசிய வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலை தொடங்கினார். நாம இன்னைக்குப் போற வண்டலூர் பூங்காவோட பூர்வீகம் அதுதான். பார்க்க வர்றவங்களுக்கு எது பிடிக்குதுன்னு கவனிக்கிற வேலை அப்பவே தொடங்கியாச்சு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நானும் ரெண்டு நண்பர்களும் சில வருஷமா, மியூசியத்துக்குப் போகப்போற ஸ்கூல்களுக்கு முந்தின வாரமே போய் ஒரு வகுப்பு எடுக்கறோம். கையில ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஆட்டு மண்டை ஓடு, தாடை எலும்பு, ஆட்டுக்கால் எலும்பு, சிப்பி, நாட்டு மருந்துக் கடையில 'கடல் நுரை'ன்னு கிடைக்கிற கணவாய் ஓடு. காட்டு விலங்கோட எதையும் தொடறதில்லை, அதுக்குச் சட்டம் இருக்கு. எல்லாம் கறிக்கடையிலும் மீன் மார்க்கெட்டிலும் கிடைச்சது. அந்த மண்டை ஓட்டை வீட்ல கொதிக்கவெச்சு, தேய்ச்சு, மொட்டை மாடியில காயப்போட்ட அன்னைக்கு, அம்மா அந்தப் பாத்திரத்தை இனிமே உள்ளே கொண்டுவரக் கூடாதுன்னுட்டாங்க.

வகுப்புல நான் எதையும் விளக்க மாட்டேன். அஞ்சு பேருக்கு ஒரு எலும்பு. முதல் பத்து நிமிஷம் பேசாம வரையணும். அழகா வரையணும்னு இல்லை. வரையறதுக்காகப் பார்க்கும்போதுதான் கண்ணு நிஜமா பார்க்குது. "அக்கா, இது உடைஞ்சிருக்கு. மேல முன்பல்லு காணோம்"னு யாராவது ஒருத்தர் சொல்லாம இருந்ததே இல்லை.

வடசென்னையில ஒரு ஸ்கூல். அன்னைக்கும் அதே கேள்வி வந்தது. கடைசி பெஞ்சுல ஒரு பையன். அப்பாவுக்குக் கறிக்கடையில வேலை, அதை வெச்சே வகுப்புல அவனைக் கிண்டல் பண்ணுவாங்கன்னு டீச்சர் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அவன் எழுந்திரிக்காமலே சொன்னான்: "உடையலக்கா. ஆட்டுக்கு மேல முன்பல்லே கிடையாது. கெட்டியா ஈறு மாதிரிதான் இருக்கும்."

சரியான பதில். கீழ்ப்பல்லையும் அந்த மேட்டையும் வெச்சுத்தான் ஆடு இலையை இழுத்து அறுக்குது, அரைக்கிறதெல்லாம் கடைவாய்ப் பல். "வேற என்ன தெரியும்?"னு கேட்டேன். எழுந்து முன்னாடியே வந்துட்டான். கீழே முளைச்ச பெரிய பல்லை எண்ணி, ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லான்னு பார்த்து ஆட்டோட வயசைச் சொல்லலாம்னு காட்டினான். நாற்பது பேர் சத்தமில்லாம கேட்டாங்க. கிண்டல் பண்ணின பையன்தான் முதல்ல கை தூக்கி அவன்கிட்ட கேள்வி கேட்டான்.

அடுத்து ஆட்டுக்கால். முன்னங்கால்ல நாம முட்டின்னு நினைக்கிற இடம் உண்மையில ஆட்டோட மணிக்கட்டு. ஆடு ரெண்டு விரல் நுனியில நடக்குது, அந்தக் குளம்புதான் நகம். உங்க கையை மேஜைமேல ஊன்றி, நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் படற மாதிரி நிறுத்திப் பாருங்க, புரியும்.

அடுத்த வாரம் மியூசியம். எல்லா கேலரியும் பார்க்கணும்னு ஓடல. மூணே இடம். திமிங்கிலத்துக்குக் கீழே நின்னு, "இதோட கையைக் கண்டுபிடிங்க"ன்னு மட்டும் சொன்னேன். துடுப்புக்குள்ள மேல்கை எலும்பு, முன்கை எலும்பு ரெண்டு, மணிக்கட்டு, விரல்கள். விரல் எண்ணிக்கை வகைக்கு வகை மாறும், ஆனா வரிசை நம்ம கையோட வரிசைதான். பசங்க தங்கள் கையைத் தூக்கித் தூக்கி ஒப்பிட்டுப் பார்த்தாங்க.

அப்போ நம்ம பையன் பக்கத்துல வந்து கேட்டான்: "அக்கா, இதுக்கும் பல்லு பாத்து வயசு சொல்லலாமா?"

எனக்குத் தெரியல. தெரியலன்னே சொன்னேன். வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். பல் இருக்கிற திமிங்கிலங்களுக்கு, பல்லை அறுத்துப் பார்த்தா மரத்து வளையம் மாதிரி அடுக்கு இருக்கும், அதை எண்ணலாம். நீலத் திமிங்கிலம் மாதிரி பல்லே இல்லாத வகைக்கு, காதுக்குள்ள சேர்ற மெழுகுல அடுக்கு இருக்கும், அதை எண்ணுவாங்க. காது அழுக்குங்க! இதைச் சொல்றதுக்காகவே திரும்ப அந்த ஸ்கூலுக்குப் போனேன். அவன் சிரிச்சுட்டு, "ஆட்டுக்கும் காதுல பாத்துச் சொல்லலாமான்னு அப்பாகிட்ட கேக்கறேன்"ன்னான்.

அதனால வாய்ஸ் நோட் அனுப்பின டீச்சருக்கு நான் சொல்றது இதுதான். போறதுக்கு முன்னாடியே பசங்க கையில ஒரு பொருளைக் கொடுங்க. அங்கே போய் மூணு இடத்துக்கு மேல வேண்டாம். லேபிளைப் பார்த்து நோட்டுல எழுதச் சொல்லாதீங்க, வரையச் சொல்லுங்க. பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் இருந்தா நல்லது. கேள்விக்குப் பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, ஆனா தேடிட்டு வந்து அவங்ககிட்ட சொல்லிடுங்க. வகுப்புல வாயே திறக்காத பிள்ளைக்கு எலும்போ மீனோ வலையோ செடியோ, ஏதோ ஒண்ணு நம்மைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கும். அதுவும் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கட்டும்.

இன்னொண்ணு, எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஒரு தடவை ரெண்டு பஸ் நிறைய பசங்களோட வெள்ளிக்கிழமை போய் கேட்டுல நின்ன ஆளு சொல்றேன், கேட்டுக்கோங்க.

நீங்க ஸ்கூல் டூர்ல பார்த்ததுல இன்னும் ஞாபகம் இருக்கிறது எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.